தனியாக ஓர் ஆல்ப்ஸ் நகரம்: இன்ஸ்ப்ருக்கா, போல்சானோவா, கிரனோபிளா?

ஆல்ப்ஸுக்குத் தனியாகப் போகலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் தேடுவது இன்டர்லாக்கன், ஷமோனி, ஸெர்மாட் போன்ற பெயர்களைத்தான். அழகான இடங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவை சுற்றுலாவை நம்பி வாழும் சிற்றூர்கள். அறை வாடகையிலிருந்து சாப்பாட்டு மேசை வரை எல்லாமே இரண்டு பேர் வருவார்கள் என்ற கணக்கில் போடப்பட்டவை. மழை பிடித்துக்கொண்டால் போக்கிடம் குறைவு. தனியாகப் போகிறவருக்கு மலையடிவாரத்தில் இருக்கும் நடுத்தர நகரமே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் பேர் வாழ்கிற, கல்லூரியும் நகர பஸ்ஸும் காய்கறிச் சந்தையும் உள்ள ஊரில், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட ஊர்களில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக், இத்தாலியின் போல்சானோ, பிரான்சின் கிரனோபிள். மூன்றுக்கும் ரயிலிலேயே போய்விடலாம். கார் தேவையில்லை.

எதை வைத்து ஒப்பிடுவது? தனியாகப் போவதில் கிடைக்கும் பெரிய லாபம், காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் அன்றைய திட்டத்தை மாற்றிக்கொள்ள முடிவதுதான். மலையில் இது சின்ன விஷயமில்லை. கோடைக்காலத்தில் காலை பளிச்சென்று இருந்தாலும் பிற்பகலில் இடிமழை கொட்டுவது ஆல்ப்ஸில் சகஜம். மேகம் விலகிய மூன்று மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடிகிற ஊர் தனி ஆளுக்கு நல்ல ஊர். மலைக்குப் போக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும், திரும்பும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அவ்வளவுதான் என்றால், அந்தச் சுதந்திரம் பாதியாகிவிடுகிறது. அதோடு, மாலை ஆறு மணிக்கு மலையிலிருந்து இறங்கிய பிறகு என்ன செய்வது என்பதும் முக்கியம். துணை இருந்தால் பேசிக்கொண்டே பொழுது போய்விடும். தனியாக இருக்கும்போது ஊர்தான் துணை.

இன்ஸ்ப்ருக்

மலைக்கு எவ்வளவு சீக்கிரம் போய்வரலாம் என்ற முதல் அளவுகோலில் இன்ஸ்ப்ருக்கை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. சுமார் 1,30,000 பேர் வாழும் இந்த ஊர், கடல் மட்டத்திலிருந்து 574 மீட்டர் உயரத்தில், இன் ஆற்றின் கரையில் இருக்கிறது. பழைய நகரத்தின் நடுவில் மாக்ஸிமிலியன் பேரரசர் 1500 வாக்கில் கட்டி முடித்த பொன்கூரை மாடம். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் ஹுங்கர்புர்க் வண்டி புறப்படும் நிலத்தடி நிலையம். தண்டவாளத்தில் கயிறு இழுக்கும் வண்டி. பழனியில் விஞ்ச் என்கிறோமே, அதே ஏற்பாடு. 2007-இல் திறந்தார்கள். நிலையங்களை வடிவமைத்தவர் ஸஹா ஹதீத்; கூரைகள் உருகி வழியும் பனிக்கட்டி போல இருக்கும். ஹுங்கர்புர்க்கில் இறங்கி ரோப் காரில் ஏறினால் 1,905 மீட்டரில் ஸேக்ரூபெ. இன்னொரு ரோப் கார் மாறினால் 2,256 மீட்டரில் ஹாஃபெலேகார். வண்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்து வந்தால், நகரத் தெருவில் இருந்தவர் சுமார் அரை மணி நேரத்தில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கிறார்.

மேல் நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் 2,334 மீட்டர் உச்சி. அங்கே நின்று தெற்கே பார்த்தால் ஊர் முழுவதும் காலடியில் கிடக்கும்: விமான நிலைய ஓடுதளம், ஆறு, பிரென்னர் கணவாய்க்குப் போகும் பள்ளத்தாக்கு, எல்லாம். அப்படியே வடக்கே திரும்பினால் கார்வெண்டெல் மலைத்தொடர். வரிசை வரிசையாகச் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, நடுவில் ஓர் ஊர்கூடக் கண்ணில் படாது. நகரத்திலிருந்து மலையைப் பிரிக்கும் கோடு அந்த முகட்டிலேயே இருப்பதை அங்கே நின்றால்தான் நம்ப முடியும். மேகம் மூடிக்கொண்டால்? இறங்கிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்கு அறைக்கே திரும்பியிருக்கலாம். ரோப் கார் நிறுவனம் மேலே நேரலைக் கேமரா வைத்திருக்கிறது. டிக்கெட் வாங்குவதற்கு முன் போனில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கீழே மூடுபனியும் மேலே வெயிலுமாக இருக்கும் நாளும் உண்டு, நேர்மாறான நாளும் உண்டு.

தெற்குப் பக்கம் பாட்ஷெர்கோஃபெல் மலை. நகர பஸ்ஸே அடிவாரம் வரை போகிறது. மேலே சுமார் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், பழைய பைன் மரங்களுக்கு நடுவே ஏழு கிலோமீட்டர் அளவுக்கு ஒரு பாதை, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் போகும். தனியாக முதன்முதலாக மலை நடை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பாதை அகலம், ஆள் நடமாட்டம் உண்டு, வழி தவற வாய்ப்பு குறைவு.

மாலைக்கும் குறைவில்லை. இங்கே பல்கலைக்கழகம் 1669-இலிருந்து இருக்கிறது, மாணவர் கூட்டம் பெரிது. ஆற்றங்கரைச் சுவரில் மாலை வெயிலில் தனித்தனியாக உட்கார்ந்து படிப்பவர்களைப் பார்க்கலாம். மழை நாளுக்கு ஹோஃப்கிர்க்கே தேவாலயம் ஒன்று போதும். மாக்ஸிமிலியனின் வெற்றுக் கல்லறையைச் சுற்றி ஆள் உயரத்தை மிஞ்சிய 28 வெண்கலச் சிலைகள் கருத்துப்போய் நிற்கும். அவருடைய உடல் இங்கே இல்லை, வீனர் நொய்ஷ்டாட்டில் இருக்கிறது. அந்தச் சிலைகளுக்கு நடுவே அவசரமில்லாமல் நடப்பது, கூட்டத்தோடு போனால் கிடைக்காத அனுபவம்.

குறைகளும் உண்டு. ரோப் கார் கட்டணம் நிச்சயமாக மலிவில்லை. மலைக்கும் போய் அருங்காட்சியகங்களும் பார்க்கிறவர்களுக்கு 24, 48, 72 மணி நேர நகர அட்டை கட்டுப்படியாகும்; மலை போய்வருவதும் நகரப் போக்குவரத்தும் அதிலேயே அடங்கும். மதிய வேளையில் பொன்கூரை மாடத்தின் முன்னால் சுற்றுலா பஸ் கூட்டம் நெரியும். அப்புறம் ஃபோன் (Föhn) என்ற காற்று. தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் உலர்ந்த வெப்பக் காற்று. அது பலமாக வீசினால் ரோப் கார் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

போல்சானோ

இன்ஸ்ப்ருக்கிலிருந்து பிரென்னர் வழியாக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போன ஊர். இன்றும் ஜெர்மனும் இத்தாலியனும் இரண்டும் அரசு மொழிகள், தெருப் பலகைகள் இரண்டிலும் இருக்கும். ஊர் 262 மீட்டரில்தான் இருக்கிறது, சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். மலை நகரம் என்று குளிரை எதிர்பார்த்து ஜூலையில் போனால் ஏமாற்றம்தான்: பள்ளத்தாக்கில் வெயில் தேங்கி, இத்தாலியிலேயே சூடான நகரங்களின் வரிசையில் இது வந்துவிடும். அறை எடுக்கும்போது ஏசி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த ஊரின் பெரிய பலம் ரெனோன் ரோப் கார். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 12 நிமிடத்தில் 1,221 மீட்டருக்கு ஏற்றிவிடும். இது சுற்றுலாவுக்கென்று தனியாக வைத்த வண்டி இல்லை. மேலே குடியிருப்பவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் பொதுப் போக்குவரத்து, சில நிமிடங்களுக்கு ஒரு பெட்டி. தனியாகப் போகிறவருக்கு இதன் அருமை தெரியும்: எதிர் இருக்கையில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி இருப்பார், கடைசி வண்டியை நினைத்துப் பதற வேண்டாம். மேலே 1907-இல் தொடங்கிய குறுகிய ரயில் கொலால்போ வரை புல்வெளிகளின் ஊடே போகிறது. அங்கிருந்து அரை மணி நேர நடையில் மண் கோபுரங்கள். பனியாறு விட்டுச்சென்ற களிமண்ணை மழை அரித்து அரித்து, மேலே தொப்பி போலப் பாறை கிடந்த இடத்தை மட்டும் தூணாக விட்டு வைத்திருக்கிறது. தொப்பி விழுந்த தூண் சீக்கிரம் கரைந்துபோகும்.

டோலமைட் மலைகளின் வாசலும் இதுதான். ஆல்பே தி சியூசி என்ற, ஐரோப்பாவின் மிகப் பெரிய உயர்மலைப் புல்வெளிக்கு பஸ்ஸும் ரோப் காருமாகப் போகலாம். போல்சானோ இருக்கும் தென் திரோல் மாகாணத்தில் தங்கும் விருந்தினர்களுக்குப் பல விடுதிகள் ஒரு அட்டை தருகின்றன. தங்கும் நாள் முழுக்க மாகாண பஸ், உள்ளூர் ரயில், ரெனோன் ரோப் கார் எல்லாம் அதிலேயே ஓடும். அறை பதிவு செய்யும்போதே அட்டை உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது, செலவுக் கணக்கே மாறிவிடும்.

மழை நாளுக்கு இந்த ஊரில் இருப்பதுபோல வேறெங்கும் இல்லை. 1991 செப்டம்பர் 19 அன்று, 3,210 மீட்டர் உயரத்தில், உருகும் பனியில் கிடந்த ஓர் உடலை இரண்டு ஜெர்மானிய மலையேறிகள் கண்டார்கள். ஓட்ஸி என்று இன்று உலகம் அழைக்கும் அந்த மனிதர் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தவர். முதலில் உடல் இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத்துக்குத்தான் போனது. பிறகு எல்லையை அளந்து பார்த்ததில், கிடந்த இடம் இத்தாலிக்குள் சுமார் 92 மீட்டர் தள்ளி இருந்தது. அதனால் 1998-இலிருந்து போல்சானோ அருங்காட்சியகத்தில் இருக்கிறார். மைனஸ் 6 டிகிரி குளிர்அறை, ஒரு சின்னச் சன்னல், ஒரு நேரத்தில் ஓரிருவர்தான் பார்க்க முடியும். தோலின் மேல் மெல்லிய பனிப் படலம் மின்னும். பக்கத்து அறைகளில் அவருடைய செம்புக் கோடாரி, புல் திணித்த காலணி, கரடித்தோல் தொப்பி. இடது தோளில் தைத்த அம்பு முனையை 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள். அவரும் அந்த மலையைத் தனியாகக் கடந்துகொண்டிருந்தவர்தானோ என்ற எண்ணம் அந்தச் சன்னல் முன்னால் வராமல் இருக்காது. காலையில் திறந்தவுடன் போங்கள், பிறகு வரிசை நீளும்.

மாலை நேரம் இன்ஸ்ப்ருக்கைவிட அமைதி. டால்வேரா ஆற்றங்கரைப் புல்வெளியில் நடக்கலாம், வானம் தெளிவாக இருந்தால் ரோசன்கார்ட்டன் சிகரங்கள் சூரியன் மறையும்போது இளஞ்சிவப்பாக மாறுவதை ஊருக்குள் இருந்தே பார்க்கலாம். ஒன்பது மணிக்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்காது. எனக்கு அது பிடிக்கும்; இரவு கலகலப்பு வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது.

கிரனோபிள்

மூன்றில் பெரியது இது. நகரத்தில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர், சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் நான்கு லட்சத்தைத் தாண்டும். இஸேர், திராக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் தட்டையான நிலம். ஷார்த்ரூஸ், வெர்கோர், பெல்தொன் என்று மூன்று மலைகள் மூன்று பக்கமும் நிற்கின்றன. ஆராய்ச்சிக்கூடங்களும் பல்லாயிரக்கணக்கான மாணவர்களும் உள்ள, தன் வேலையைப் பார்க்கும் நகரம். சுற்றுலாப் பயணிக்காக எதையும் அலங்கரித்து வைக்கவில்லை. அதனாலேயே அறையும் சாப்பாடும் மற்ற இரண்டையும்விட மலிவாகக் கிடைக்கும்.

1934-இலேயே ஊருக்குள் ரோப் கார் வந்துவிட்டது. 1976-இலிருந்து உருண்டையான கண்ணாடிப் பெட்டிகள். ஆற்றைக் கடந்து பாஸ்தீய் கோட்டைக்கு ஏற்றிவிடும். ஆனால் கோட்டை இருப்பது 476 மீட்டரில்தான். காட்சி அருமை, தெளிவான நாளில் மோன் பிளாங்க்கூடத் தெரியும். என்றாலும் இது மலையின் முதல் படிதான். உண்மையான உயரத்துக்குப் போக, 1968 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த ஷம்ரூஸுக்கோ, வெர்கோர் பீடபூமிக்கோ பஸ் பிடிக்க வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பஸ் நேரம் பருவத்தைப் பொறுத்தும் கிழமையைப் பொறுத்தும் மாறும். நான் சொன்ன முதல் அளவுகோலில் கிரனோபிள் பின்தங்குவது இங்கேதான்.

அருங்காட்சியகங்களில் ஈடுகட்டுகிறது. மாவட்ட நிர்வாகம் நடத்துபவை எல்லாம் இலவசம். கோட்டைக்குப் போகும் சரிவில் பழைய கன்னிமாடக் கட்டடத்தில் உள்ள தோஃபினுவா அருங்காட்சியகத்தில், குளிர்காலம் முழுக்கப் பனியில் அடைபட்டு வாழ்ந்த மலைக்குடும்பங்களின் வாழ்க்கையைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்துக்கும் தனி அருங்காட்சியகம் உண்டு. 1944-இல் வெர்கோர் மலையில் அந்த இயக்கத்தினருக்கும் ஜெர்மன் படைக்கும் நடந்த மோதலை அங்கே தெரிந்துகொண்டு மறுநாள் அந்த மலைக்குப் போனால் காட்சியே வேறாக இருக்கும்.

பிரெஞ்சு தெரியாவிட்டால் மூன்றில் இங்கேதான் சிரமம் அதிகம். போதைப்பொருள் கும்பல் மோதல்கள் சில பகுதிகளில் நடப்பதும் உண்மை. பயணிகள் அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் இரவில் தங்குமிடம் பழைய நகரத்துக்குள்ளோ டிராம் பாதையை ஒட்டியோ இருப்பது நல்லது. தனியாகப் போகும் பெண்களுக்கு, இருட்டிய பிறகும் நடக்க மனசுக்கு இலகுவான ஊர் எது என்று கேட்டால் இன்ஸ்ப்ருக்கையே சொல்வேன். போல்சானோவிலும் ரயில் நிலையத்தின் முன்னால் உள்ள பூங்காவை மட்டும் இரவில் தவிர்க்கலாம்.

சாப்பாடு, ஆபத்து, மாதம்

சைவம் சாப்பிடுகிறவர்கள் மூன்று ஊரிலும் பட்டினி கிடக்க மாட்டார்கள். இன்ஸ்ப்ருக்கில் சீஸும் வறுத்த வெங்காயமும் சேர்த்த கேஸ்ஷ்பெட்ஸ்லே. போல்சானோவில் ரொட்டி உருண்டைகள். சாதாரணமானவற்றில் பன்றி இறைச்சி கலந்திருக்கும், கீரை உருண்டை, சீஸ் உருண்டை என்று கேட்டு வாங்க வேண்டும். கிரனோபிளில் உருளைக்கிழங்கைப் பாலாடையில் வேகவைக்கும் கிராத்தேன் தோஃபினுவா. முட்டையும் வேண்டாம் என்பவர்கள் ஒவ்வொரு இடத்திலும் கேட்டே ஆக வேண்டும். மலைமேல் உள்ள விடுதிகளில் நீள மேசையில் எல்லோரும் சேர்ந்துதான் உட்காருவார்கள். தனியாக வந்தவருக்குப் பேச்சுத்துணை அங்கே தானாகவே அமையும்.

அடுத்தது பலர் யோசிக்காத விஷயம். தனியாக நடக்கும்போது கால் பிசகினால் யாரைக் கூப்பிடுவது? அவசர எண் மூன்று நாட்டிலும் 112. ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140. போன் எடுக்காத இடத்தில், விசிலோ டார்ச்சோ வைத்து நிமிடத்துக்கு ஆறு முறை சைகை, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதில் சைகை நிமிடத்துக்கு மூன்று முறை வரும். செலவிலும் நாடுகள் வேறுபடுகின்றன. பிரான்சில் பனிச்சறுக்குத் தளங்களுக்கு வெளியே அரசின் மலை மீட்பு பொதுவாக இலவசம். ஆஸ்திரியாவில் ஹெலிகாப்டர் வந்தால் ஆயிரக்கணக்கான யூரோ பில் உங்கள் பெயருக்கு வரும், இத்தாலியிலும் கட்டணம் வரலாம். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டில் மலை மீட்பு அடங்குமா என்று பாலிசியைத் திறந்து படித்துவிடுங்கள். கிளம்பும்போது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று விடுதி வரவேற்பில் சொல்லிவிட்டுப் போவது தனி ஆளின் கடமை. ஆஸ்திரியாவில் கறுப்புப் புள்ளி போட்ட பாதை என்றால் கடினம் என்று பொருள்; தனியாக அதில் இறங்காதீர்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? முதல் முறை, மூன்று நான்கு நாள்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் இன்ஸ்ப்ருக். ம்யூனிக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள், ஜூரிக்கிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம், ஆகவே சுவிஸ், ஜெர்மனித் தமிழர்களுக்கு வார இறுதியே போதும். ஒரு வாரம் இருந்தால் இன்ஸ்ப்ருக்கையும் போல்சானோவையும் சேர்த்தே பாருங்கள். அவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, நடுவே இரண்டு மணி நேர ரயில்தான். அப்படிப் போகும்போது எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விசா கேட்க வேண்டும். பிரென்னர் ரயிலில் சோதனை வரலாம், பாஸ்போர்ட் அறையில் கிடக்கக் கூடாது. பாரிஸில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்தில் கிரனோபிள், மொழிச் சிக்கலும் இல்லை. அவர்கள் மெனக்கெட்டு ஆஸ்திரியா போக வேண்டாம்.

மாதமும் தேர்வை மாற்றும். ஏப்ரலில் போல்சானோ மட்டுமே: பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும், மற்ற இரண்டிலும் உயரப் பாதைகள் பனியில் கிடக்கும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நடக்க ஜூன் பிற்பகுதி வரை பொறுக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் இன்ஸ்ப்ருக். செப்டம்பரில் மூன்றும் நன்றாக இருக்கும், இடிமழையும் குறைந்துவிடும். நவம்பரில் பல ரோப் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். அந்த மாதம்தான் விடுப்பு கிடைக்கிறது என்றால் மலையை விட்டுவிட்டு, அருங்காட்சியகங்களுக்காகக் கிரனோபிளுக்குப் போங்கள்.